ஐந்து நிமிட பேட்டரியும் ஐந்து கேள்விகளும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னியல் பாடத்தைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். பாடநூலில் உள்ள மின்கலத்தை நீங்கள் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். எனவே, பாடநூலுக்கு வெளியிலிருந்து வகுப்பறைக்குள் வருகிற ஒரு கேள்வியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு நாள். ஒன்பதாம் வகுப்பு. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. ஒரு மாணவன் எழுந்து, "சார், அஞ்சு நிமிஷத்துல சார்ஜ் ஏறுமாம், ஒரு லட்சம் தடவை சார்ஜ் பண்ணாலும் கெடாதாம். அப்படி ஒரு பேட்டரி வந்துடுச்சுன்னு வீடியோல பார்த்தேன். நிஜமா சார்?" என்று கேட்டான். "அதெல்லாம் விளம்பரம் தம்பி, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். மணி அடித்தது. அத்துடன் அது முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த மாணவனின் அப்பா பால் வியாபாரம் செய்பவர். அதே பருவத்தில் அவர் கடன் வாங்கி ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். ஒருமுறை மின்னேற்றினால் 100 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத் தாளில் இருந்தது. காலையில் 40 கிலோமீட்டர், மாலையில் 40 கிலோமீட்டர் அவருடைய சுற்று. பகலில் அதே வண்டியில் வேறு வேலைக்குப் போய்விடுவார். இரவில் மட்டுமே மின்னேற்ற முடியும். கணக்கு சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. ஆனால் வண்டி 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. பால் கேன்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சில மாதங்களில் அதை விற்றுவிட்டு மறுபடியும் பெட்ரோல் வண்டிக்கே போனார். கடன் மட்டும் மிச்சம்.

இதில் வேதனை என்னவென்றால், அந்த விளம்பரத் தாளில் பொய் இல்லை. அந்த வண்டியின் பேட்டரி 2.5 யூனிட். அதாவது 2,500 வாட்-மணி. 100 கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 25 வாட்-மணிதான் செலவாக வேண்டும். சமமான சாலையில், ஒருவர் மட்டும் அமர்ந்து, சீரான வேகத்தில் போனால் அது நடக்கும். இரண்டு கேன் பாலை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு வீடு நின்று, மண் சாலையில் போகிறவருக்குக் கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி ஆகலாம். 2,500-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள். 62 கிலோமீட்டர்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல் இது. அந்த வகுத்தலை அந்த வீட்டில் ஒருவரும் போடவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அறிவியல் நடத்தியவன் நான். "நம்பாதே" என்று அவனிடம் சொன்னேனே தவிர, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைய பேச்சு அந்தக் குறையிலிருந்து வருவது.

ஏன் பேட்டரியில் இவ்வளவு வாக்குறுதிகள்?

1800-இல் வோல்ட்டா தம் மின்னடுக்கைப் பற்றி இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதிய நாளிலிருந்து, பேட்டரி என்பது ஆசையைத் தூண்டும் பொருளாகவே இருந்திருக்கிறது. 1883-இல் தாமஸ் ஆல்வா எடிசன் சேமிப்பு பேட்டரி வியாபாரத்தை மிகக் கடுமையாகச் சாடினார். அது பங்கு நிறுவனங்கள் மக்களை ஏமாற்றும் வழி என்றும், அந்த வேலையில் இறங்கும் மனிதனுக்குள் ஒளிந்திருக்கும் பொய் சொல்லும் திறமை வெளியே வந்துவிடுகிறது என்றும் பேட்டியில் சொன்னார். 1900-ஐ ஒட்டி அதே எடிசன் மின்சாரக் கார்களுக்காக நிக்கல்-இரும்பு பேட்டரி செய்யும் வேலையில் இறங்கினார். பெரிய நம்பிக்கைகளோடு விற்பனைக்கு வந்த முதல் பேட்டரிகள் கசிந்தன, திறன் குறைந்தன. எடிசன் தயாரிப்பை நிறுத்தினார். பல ஆண்டுகள் மீண்டும் உழைத்து, திருத்திய பேட்டரியைக் கொண்டுவந்தார். அதற்குள் பெட்ரோல் கார் வெகுதூரம் முன்னே போய்விட்டது. பிறரைக் குறை சொன்ன மேதையே அதே இடத்தில் சறுக்கினார் என்றால், இது தனிமனிதர்களின் குணக்கேடு மட்டுமன்று.

பேட்டரியிடம் நாம் ஒரே நேரத்தில் ஐந்து குணங்களைக் கேட்கிறோம். குறைந்த எடையில் நிறைய ஆற்றல் இருக்க வேண்டும், விரைவாக மின்னேற வேண்டும், நீண்ட நாள் உழைக்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, விலை குறைவாக இருக்க வேண்டும். இந்த ஐந்தும் ஒன்றையொன்று இழுப்பவை.

வகுப்பில் இதை விளக்க நான் பள்ளிப் பேருந்தைச் சொல்வேன். லித்தியம் அயனி மின்கலத்தில் மின்னேற்றும்போது, லித்தியம் அயனிகள் மின்பகுளி வழியாக வந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. வரிசையாக ஏறினால் எல்லாருக்கும் இருக்கை கிடைக்கும். அவசரமாக அடித்துப் பிடித்து ஏறினால் என்ன ஆகும்? உள்ளே இடம் இருந்தும் சிலர் படிக்கட்டில் தொங்குவார்கள். அதேபோல, மிக வேகமாக மின்னேற்றினால் அயனிகள் உள்ளே புக நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிகின்றன. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மறுபடியும் வேலைக்குத் திரும்புவதில்லை, ஆயுள் குறைகிறது. அது முள்போல வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும், தீப்பிடிக்கவும் கூடும். இதைத் தவிர்க்க மின்வாயை மெல்லியதாகச் செய்யலாம். ஆனால் அப்போது ஒரு கிலோவில் அடங்கும் ஆற்றல் குறைகிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். எனவே "ஐந்தும் கூடிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், அங்கேதான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஒரு பொட்டலப் பொடியின் கதை

போட்டியும் பணமும் அரசியலும் ஒரு பேட்டரிக் கூற்றுக்குப் பின்னால் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஆசிரியர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த ஜெஸ் ரிட்சி என்பவர் "ஏடி-எக்ஸ்2" என்ற பொடியை விற்றார். பழைய கார் பேட்டரிக்குள் போட்டால் அதற்குப் புத்துயிர் வரும் என்பது கூற்று. பொடியில் இருந்தவை முக்கியமாகச் சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும். அந்நாட்டின் தேசியத் தரநிர்ணயக் கழகம் அதற்கு முன்பே பலவகைப் பேட்டரிப் பொடிகளைச் சோதித்து, பயனில்லை என்று சொல்லியிருந்தது. ஏடி-எக்ஸ்2-வையும் சோதித்தது. பொடி போட்ட பேட்டரிகளையும் போடாத பேட்டரிகளையும் ஒப்பிட்டது. வேறுபாடு இல்லை என்றது.

ரிட்சி விடவில்லை. பொடியால் பயனடைந்தோம் என்று எழுதிக் கொடுத்த வாடிக்கையாளர்கள் அவரிடம் ஏராளம். சட்டமன்ற உறுப்பினர்களிடம் முறையிட்டார், பத்திரிகைகள் எழுதின. ஒரு சிறு வியாபாரியை அரசு நசுக்குகிறது என்று பேச்சு கிளம்பியது. 1953-இல் புதிதாகப் பொறுப்பேற்ற வணிகத்துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், சந்தையில் மக்கள் காசு கொடுத்து வாங்கித் திருப்தி அடைவதைக் கழகம் கணக்கில் எடுக்கவில்லை என்று குறைகூறினார். கழகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் செய்தார்.

அப்போது அறிவியலாளர்கள் எழுந்தார்கள். அளவீட்டின் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக அளந்தவரை நீக்குவதா என்று கேட்டார்கள். கழகத்தின் பணியாளர்களில் பலர் தாங்களும் விலகுவோம் என்றார்கள். அரசு பின்வாங்கியது. சில மாதங்களில் ஆஸ்டின் மீண்டும் பணியில் நிலைநிறுத்தப்பட்டார். தேசிய அறிவியல் அகாதமி தனிக் குழு அமைத்து எல்லா ஆய்வுகளையும் பார்த்தது. கழகத்தின் வேலை தரமானது, பொடியால் பயனில்லை என்று அந்த ஆண்டின் இறுதியில் அறிவித்தது.

அப்படியானால் அத்தனை வாடிக்கையாளர்களும் பொய் சொன்னார்களா? இல்லை. இந்த இடத்தைத்தான் மாணவர்களுக்கு நிதானமாக விளக்க வேண்டும். வண்டி சரியாகக் கிளம்பவில்லை என்றதும் ஒருவர் பொடி வாங்குகிறார். பொடி போட மூடியைத் திறக்கிறார். நீர் குறைந்திருப்பதைப் பார்த்து ஊற்றுகிறார். முனைகளைத் துடைக்கிறார். மெதுவாக மின்னேற்றுகிறார். பேட்டரி பிழைத்துக்கொள்கிறது. இத்தனை வேலைகளில் எது பேட்டரியைப் பிழைக்க வைத்தது? பொடி போடாமல் மற்றவற்றை மட்டும் செய்த இன்னொரு பேட்டரி பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். வாடிக்கையாளரிடம் அந்த இரண்டாவது பேட்டரி இல்லை. ஆய்வகத்தில் இருந்தது. அனுபவத்துக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

நமக்கும் இது புதிதன்று. 1996-இல் மூலிகைப் பெட்ரோல் பற்றிய செய்தி நாளிதழ்களை நிரப்பியதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். என்ன அளந்தார்கள், யார் அளந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்றைய ஓட்டப்பந்தயம்

இப்போது இன்றைக்கு வருவோம். 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம், 5 நிமிடம் மின்னேற்றினால் 400 கிலோமீட்டர் ஓடும் கார்களை அறிவித்தது. அடுத்த மாதமே இன்னொரு சீன நிறுவனமான சிஏடிஎல், தன் பேட்டரி 5 நிமிடத்தில் 520 கிலோமீட்டருக்கு ஏறும் என்றது. போட்டி இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

இதை உடனே பொய் என்று தள்ளலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார் கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி எடுக்கிறது என்று கொள்வோம். 400 கிலோமீட்டருக்கு 60 யூனிட். 60 யூனிட்டை 5 நிமிடத்தில், அதாவது ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கில் ஏற்ற வேண்டுமானால் 720 கிலோவாட் வேண்டும். பிஒய்டி அறிவித்த மின்னேற்றியின் உச்சத்திறன் 1,000 கிலோவாட். ஆக, கணக்கு இடிக்கவில்லை. கூற்று முதல் சோதனையில் தேறுகிறது.

ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. நம் ஊரில் தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ மின்மாற்றிகள் ஏழெட்டு சேர்ந்தால்தான் ஒரு காருக்கு 720 கிலோவாட் கிடைக்கும். வீட்டில் 2 கிலோவாட் இணைப்பில் அதே 60 யூனிட்டை ஏற்ற 30 மணி நேரம் ஆகும். 2025-இல் நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் தீர்ந்திருக்கும். எனவே "5 நிமிடம்" என்பது பேட்டரியை மட்டும் பற்றிய செய்தி அன்று. அது மின்னேற்றும் நிலையத்தையும் மின்பாதையையும் பற்றிய செய்தி.

அடுத்து, திண்ம நிலை பேட்டரி. திரவ மின்பகுளிக்குப் பதிலாகத் திடப்பொருளை வைப்பது. அப்படி வைத்தால் கிராஃபைட்டை விட்டுவிட்டு லித்தியம் உலோகத்தையே பயன்படுத்தலாம் என்பது பலரின் நம்பிக்கை. ஏன் இந்த ஆசை? ஒரு கிராம் கிராஃபைட் ஏந்தக்கூடியது சுமார் 372 மில்லிஆம்பியர்-மணி. ஒரு கிராம் லித்தியம் சுமார் 3,860. பத்து மடங்கு. இந்த ஆசைக்கு ஒரு பழைய வடுவும் உண்டு. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் 1980-களில் லித்தியம் உலோக மின்கலங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1989-இல் ஜப்பானில் கைப்பேசிகளில் அவை தீப்பிடித்தன. நிறுவனம் நொடித்தது. லித்தியத்தை உலோகமாக வைக்காமல் அயனியாகவே இருபுறமும் நகரவிடும் மின்கலத்தை 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் சட்டைப்பையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

திண்ம நிலை பேட்டரி 2020-களின் தொடக்கத்தில் வந்துவிடும் என்று டொயோட்டா 2017-இல் சொன்னது. 2023-இல் அந்த இலக்கு 2027-28 ஆயிற்று. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வகத்தில் செய்த ஒன்றை ஆலையில் லட்சக்கணக்கில் பிசகாமல் செய்வது எவ்வளவு கடினம் என்பதைத்தான் இது காட்டுகிறது. ஆனால் தேதியை மட்டும் படித்த மாணவனுக்கு, அறிவியலே பொய் சொல்கிறது என்று தோன்றும். அந்த எண்ணம் வராமல் காப்பதும் நம் வேலை.

ஐந்து கேள்விகள்

இனி, நான் இப்போது மாணவர்களிடம் சொல்லும் ஐந்து கேள்விகள். கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கலாம்.

முதல் கேள்வி: எதை அளந்தார்கள்? ஆய்வகத்தில் பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவுள்ள மின்கலத்தில்தான் முதலில் சோதிப்பார்கள். அதில் வருவது முழு பேட்டரியில் வராது. மின்கலம் ஒன்றில் கிலோவுக்கு 250 வாட்-மணி கிடைத்தால், பெட்டி, கம்பி, குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் சேர்ந்த முழு பேட்டரியில் அது கணிசமாகக் குறையும். எடை போட்டது எதை என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த நிலையில் அளந்தார்கள்? காருக்கான ஓட்டத் தூரத்தைச் சீனா ஒரு முறையிலும், ஐரோப்பா ஒரு முறையிலும், அமெரிக்கா ஒரு முறையிலும் அளக்கின்றன. ஒரே காருக்குச் சீன முறையில் பொதுவாக அதிகத் தூரமும் அமெரிக்க முறையில் குறைந்த தூரமும் வரும். நான் முன்னே சொன்ன 400-உம் 520-உம் சீன முறையில் கணக்கிட்டவை. பால்காரரின் 100 கிலோமீட்டரும் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது.

மூன்றாவது கேள்வி: எல்லாம் ஒரே பேட்டரியிலா? வேகமாக ஏறியது ஒரு மின்கலம், நீண்ட நாள் உழைத்தது இன்னொன்று, அதிக ஆற்றல் தந்தது மூன்றாவது என்று இருந்தாலும், விளம்பரத்தில் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். ஒட்டத்தில் ஒருவன், உயரத் தாண்டுதலில் ஒருவன், குண்டெறிதலில் ஒருவன் பரிசு வாங்கினால், மூன்றிலும் வென்ற ஒரே மாணவன் நம் பள்ளியில் இருக்கிறான் என்று நாம் சொல்வோமா?

நான்காவது கேள்வி: எவ்வளவு காலம் சோதித்தார்கள்? இங்கே என் மாணவன் சொன்ன ஒரு லட்சம் தடவைக்கு வருவோம். நாளுக்கு ஒருமுறை மின்னேற்றினால் ஒரு லட்சம் தடவைக்கு 274 ஆண்டுகள். சரி, ஆய்வகத்தில் வேகமாகச் செய்யலாம். 5 நிமிடத்தில் ஏற்றி, 5 நிமிடத்தில் இறக்கினால் ஒரு சுற்றுக்கு 10 நிமிடம். ஒரு லட்சம் சுற்றுக்குப் பத்து லட்சம் நிமிடம். அது 694 நாள். இரவு பகல் நிறுத்தாமல் ஏறத்தாழ 2 ஆண்டுகள். எனவே கேட்க வேண்டியது எளிய கேள்வி: "சோதனையை எப்போது தொடங்கினீர்கள்?" சில நூறு சுற்றுகளைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்திருந்தால், ஊகம் என்று சொல்ல வேண்டும்.

இதே இடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய திறனில் 99.9 விழுக்காடு மிஞ்சுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1,000 சுற்றுக்குப் பின் எவ்வளவு மிஞ்சும்? சுமார் 37 விழுக்காடு. அதுவே 99.99 என்றால் சுமார் 90 விழுக்காடு. தசமப் புள்ளிக்குப் பின்னால் கூடுதலாக ஓர் ஒன்பது. அந்த ஓர் இலக்கம்தான் பயன்படும் பேட்டரியையும் பயன்படாத பேட்டரியையும் பிரிக்கிறது. கூட்டு வட்டி, தேய்மானம் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

ஐந்தாவது கேள்வி: அளந்தவர் யார்? விற்பவரே அளந்தாரா, விற்பனையில் பங்கில்லாத ஒருவர் திரும்ப அளந்தாரா? சொன்னவர் பெரியவர் என்பது இதற்குப் பதிலாகாது. லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவர் ஜான் குட்இனஃப். அவர் 2017-இல், தம் 94-ஆம் வயதில், கண்ணாடி மின்பகுளி கொண்ட ஒரு புதிய மின்கலத்தைப் பற்றிச் சக ஆய்வாளருடன் கட்டுரை வெளியிட்டார். அந்தத் துறையில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. ஆனாலும் சக அறிவியலாளர்கள், இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது, ஆற்றல் அழிவின்மை விதியோடு இது பொருந்துகிறதா என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். யாரும் அதை அவமரியாதை என்று நினைக்கவில்லை. அறிவியலில் மரியாதை என்பது கேள்வி கேட்பதுதான் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இது எங்களுக்கு எதற்கு?" என்று நினைக்கலாம். உங்களிடம்தான் இது தொடங்க வேண்டும். செலவில்லாத ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியில் விலை குறைந்த ஒருவகையில் மூன்றும், விலை கூடிய ஒருவகையில் மூன்றும் வாங்குங்கள். எது நீண்ட நேரம் உழைக்கும், எவ்வளவு மடங்கு என்று பிள்ளைகளை முதலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆறையும் ஒரே நிறத் தாளால் சுற்றி, 1 முதல் 6 வரை எண் இடுங்கள். எந்த எண் எந்த வகை என்பதை ஒரு மாணவி மட்டும் எழுதி, உறையில் ஒட்டித் தலைமையாசிரியரிடம் கொடுக்கட்டும். ஒரே மாதிரியான ஆறு சிறு பல்புகளை இணைத்து, எது எப்போது மங்குகிறது என்று மற்றவர்கள் குறிக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு உறையைப் பிரியுங்கள்.

விலை கூடியது நீண்ட நேரம் எரியலாம். ஆனால் விலைக்கு ஏற்ற மடங்கில் எரிந்ததா என்று வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரே வகையில் மூன்றும் ஒரே நேரத்தில் அணையாது என்பதையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஒரே ஒரு பேட்டரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அப்போது தானாகப் புரியும். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொன்ன பிள்ளை தன் தாளைத் திரும்பப் பார்க்கும்போது வரும் அமைதி, பெரிய பாடம். ஒரு எச்சரிக்கை: கைப்பேசியின் லித்தியம் பேட்டரியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எந்தப் பேட்டரியையும் பிளக்கவோ, முனைகளை நேராகக் கம்பியால் இணைக்கவோ விடாதீர்கள்.

சந்தேகம் மட்டும் போதாது

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் பொய்" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். லித்தியம் அயனி பேட்டரியின் விலை 2010-இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2024-இல் உலகச் சராசரி சுமார் 115 டாலர். இந்த மாற்றம் ஏதோ ஒரு நாளில், ஒரு மேடையில் அறிவிக்கப்படவில்லை. மின்வாயைக் கொஞ்சம் திருத்தியவர்கள், ஆலையில் வீணாவதைக் கொஞ்சம் குறைத்தவர்கள் எனப் பல்லாயிரம் பேரின் வேலை அது. பரபரப்பான செய்திகள் பல வந்து மறைந்த அதே ஆண்டுகளில், செய்தியாகாத முன்னேற்றம் நடந்துகொண்டே இருந்தது.

அந்த வேலை நம் மாநிலத்திலும் நடக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு பொடிக்காக ஓர் இயக்குநர் பதவி இழந்து, மீண்டும் பெற்ற அதே ஆண்டு. வெவ்வேறு நாடுகள், தொடர்பில்லாத நிகழ்ச்சிகள். ஆனால் இரண்டு இடத்திலும் பொதுப்பணத்தில் அளவீட்டுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்று மக்கள் நினைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆய்வகத்தில் நாளை உட்காரப்போகிறவள் இன்று உங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கலாம். எதையும் நம்பாதவளாக வளர்ந்தால் அவள் அங்கே போகமாட்டாள். எதையும் நம்புகிறவளாக வளர்ந்தால் போயும் பயனில்லை.

இப்போது அந்த மாணவன் மறுபடியும் எழுந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "தெரியவில்லை தம்பி. ஒரு லட்சம் தடவை என்றால் எத்தனை நாள் சோதித்திருக்க வேண்டும்? நாளைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வா. சேர்ந்து பார்ப்போம்" என்பேன். இரண்டு நிமிடம் அதற்குத் தாராளமாகப் போதும். அவன் வீட்டில் அன்று இரவு யாராவது ஒருவர் ஒரு விளம்பரத் தாளைக் கையில் வைத்திருந்தால், வகுத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருப்பான்.